கத்தரிக்கோல் முதலா, பட்டம் முதலா?

எஸ்.பி.எம். முடிவுகள் வெளியாகும் வாரத்தில் எங்கள் வானொலி நிலையத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் பாட்டு கேட்டு வரும் தகவல்கள் குறைந்துவிடும். அந்த இடத்தைக் கேள்விகள் பிடித்துக்கொள்ளும். மகனுக்கு மெட்ரிகுலேஷன் நல்லதா, ஆறாம் படிவம் நல்லதா? மகள் கணக்கியல் வேண்டாம் என்கிறாள், வற்புறுத்தலாமா? நான் கல்வி ஆலோசகர் இல்லை. காலை வேளையில் பேசிக்கொண்டும் பாட்டுப் போட்டுக்கொண்டும் இருக்கிற அறிவிப்பாளர். ஆனாலும் தினமும் சமையலறையில் கேட்கிற குரல் என்பதால், வீட்டில் ஒருத்தியாக நினைத்துக் கேட்டுவிடுகிறார்கள். எனக்கும் தெரிந்தவர்களை விசாரித்துப் பதில் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது.

அப்படி வரும் கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஃபேஷன் டிசைன் பற்றியதுதான். டாக்டராக வேண்டும் என்றால் எங்கே போவது என்பதில் குழப்பமில்லை, பல்கலைக்கழகம்தான். வெல்டிங் கற்க வேண்டும் என்றால் தொழிற்பயிற்சி நிலையம்தான். ஃபேஷன் டிசைன் மட்டும் இரண்டு வாசலிலும் பலகை மாட்டி வைத்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் அது பட்டப்படிப்பு, சமூகக் கல்லூரியில் சான்றிதழ், தொழிற்கல்லூரியில் டிப்ளோமா, தனியார் கல்லூரியில் பளபளப்பான விளம்பரம். நம் வீடுகளிலோ அதற்கு இன்னும் பெயர் "தையல்" என்பதுதான்.

சென்ற ஆண்டு அந்தக் கேள்வியோடு வந்த குரல்பதிவுகளில் ஒன்று கோலா தெர்லாவிலிருந்து வந்தது. பேசியவர் ஓர் அம்மா. பின்னணியில் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அடுத்த சில வாரங்களில் பிரிஞ்சாங்கில் ஒரு வெளிப்புற ஒலிபரப்பு இருந்ததால், "நேரிலேயே வந்து பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

கேமரன் மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் ஸ்ட்ராபெரி, தேயிலைச் சரிவு, இரவுச் சந்தை என்று முடித்துக்கொண்டு தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் திரும்பிவிடுவார்கள். கீ ஃபார்ம், திரிங்காப் தாண்டி வடக்கே போனால்தான் கோலா தெர்லா. சாலையின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள் படிப்படியாக இறங்கும். இன்னும் கொஞ்சம் போனால் கம்போங் ராஜா. அங்கே சாலை பிரிந்து ஒன்று சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்கும், மற்றொன்று லோஜிங் வழியாகக் குவா மூசாங்கிற்குப் போகும். அந்தப் பக்கம்தான் புளூ வேலி தேயிலைத் தோட்டம். இந்த வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தாத்தா பாட்டி காலம் தேயிலையோடு கழிந்தது. பிள்ளைகள் காய்கறி, பூந்தோட்டம், லாரி, ஹோட்டல் என்று பிரிந்துவிட்டார்கள். நான் பார்க்கப்போன வீட்டில் அப்பா காய்கறி லாரி ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட், பஞ்சாபி சூட், பள்ளிச் சீருடை தைக்கிறார்.

மகளுக்குப் பதினெட்டு வயது. மலாயிலும் வரலாற்றிலும் நல்ல தேர்ச்சி, கலைக் கல்வியில் 'ஏ', கணிதம் சுமார். அவள் காட்டியது தேர்வு முடிவுத்தாளை அல்ல, கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்த ஒரு பழைய பெட்டியை. உள்ளே நாளிதழ்த் தாளில் வெட்டிய வடிவங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. இரவுச் சந்தையில் 'பண்டல்' கடையில் ஐந்து வெள்ளிக்குக் கிடைக்கும் பழைய குளிர்சட்டைகளை வாங்கி வருவாளாம். பிளேடால் தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் நாளிதழ் மேல் விரித்து, பென்சிலால் வரைந்துகொண்டு, பிறகு அதே சட்டையைத் திரும்பத் தைத்து தம்பிக்குப் போட்டுவிடுவாளாம்.

"எதுக்குமா பிரிச்சே?"

"காலர் எப்படி அப்படி நிக்குதுன்னு பாக்கத்தான்கா. உள்ளே இன்னொரு துணி வச்சி ஒட்டியிருக்காங்க."

அவள் செய்திருந்ததற்கு ஃபேஷன் துறையில் பெயர் உண்டு. தைத்து முடித்த உடையிலிருந்து அதன் 'பேட்டர்ன்' எடுப்பது. அவள் அந்தச் சொல்லையே அப்போதுதான் என்னிடம் கேட்டாள். எனக்கும் அது தெரியாது. ஈப்போவில் தையற்கூடம் வைத்திருக்கும் தோழி ஒருத்தியை அலைபேசியில் அழைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று கருத்து. மகளுக்கு கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு தனியார் கல்லூரியின் பட்டப்படிப்பு மேல் ஆசை. இன்ஸ்டாகிராமில் அதன் மேடை நிகழ்ச்சிகளைப் பார்த்திருக்கிறாள். அம்மாவுக்குப் பட்டம் என்றால் சம்மதம், எந்தப் பட்டமானாலும் சரி. அப்பாதான் பிடிவாதமாக இருந்தார்.

"தைக்கிறதுக்கு எதுக்குமா காலேஜு? இவங்க அம்மா எந்த காலேஜுக்குப் போனா? படிச்சா டிகிரி படிக்கட்டும், அக்கவுண்டு, டீச்சர்னு. தச்சுதான் பொழைக்கணும்னா இங்கேயே உக்காந்து தைக்கட்டும். நான் ஏன் கடன் வாங்கணும்?"

கேட்பதற்குக் கடுமையாக இருந்தாலும் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கல்லூரி அனுப்பிய கட்டணத் தாள் மேசை மேல் கிடந்தது. மூன்று ஆண்டுக்குப் பத்தாயிரக்கணக்கில் வெள்ளி, தங்குமிடம் தனி. லாரி ஓட்டுகிறவரின் வருமானத்தை வைத்துப் பார்த்தால் அந்தத் தாள் ஒரு வீட்டுக் கடன். அதனால் அவருடைய கேள்வியை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. தைப்பதற்கும் வடிவமைப்பதற்கும் உண்மையிலேயே வேறுபாடு இருக்கிறதா? இருந்தால், அதைக் கற்க எந்த வாசல் வழியாகப் போவது?

ஒரு உடம்பு, பல உடம்பு

முதல் கேள்விக்கு ஈப்போத் தோழி எனக்கு விளக்கியது இது. அம்மா தைக்கும்போது எதிரே ஒரு பெண் நிற்கிறாள். தோள், மார்பு, இடுப்பு என்று அளவெடுத்து, அந்த ஒரு உடம்புக்கு வெட்டுகிறார். சரியாக இல்லாவிட்டால் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறார். இது பெரிய திறமை, சந்தேகமே வேண்டாம். ஆனால் கடையில் தொங்கும் உடைக்கு எதிரே யாரும் நிற்பதில்லை. ஒரு நடு அளவுக்கு அடிப்படை வடிவம் வரைந்து, அதைச் சிறியதிலிருந்து மிகப் பெரியது வரை ஏற்றி இறக்க வேண்டும். அதற்கு 'கிரேடிங்' என்று பெயர். ஜெராக்ஸ் எடுப்பதுபோல் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் உடை கெட்டுவிடும். மார்புச் சுற்றளவு கூடுகிற வேகத்தில் தோள் அகலம் கூடாது, கழுத்து அதைவிடக் குறைவாகத்தான் கூடும். இந்தக் கணக்கைக் கற்றவர்தான் பேட்டர்ன் மேக்கர். ஒரு நிறுவனத்தில் அழகாக வரைகிற டிசைனர் போய்விட்டால் வேறு ஆள் தேடலாம், நல்ல பேட்டர்ன் மேக்கர் போய்விட்டால் வேலையே நின்றுவிடும் என்பாள் தோழி.

அதன் பிறகு துணி. பருத்தி சுருங்கும், சாட்டின் வழுக்கும், நிட் துணி இழுபடும். ஒரே துணியை நெடுக்கு இழையில் வெட்டினால் விறைப்பாக நிற்கும், குறுக்குவாட்டில் 45 பாகையில் சாய்த்து வெட்டினால் உடம்போடு குழைந்து விழும். 1920-களில் பாரிஸில் மேடலின் வியோனே என்ற பெண்மணி புகழ்பெற்றது இந்தச் சாய்வு வெட்டில்தான். அவர் சிறுமியாக இருக்கும்போதே தையற்கூடத்தில் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டவர். முழு அளவுத் துணியைத் தொடுவதற்கு முன், சிறிய மரப்பொம்மை மேல் துணியைச் சுற்றிப் பார்த்து வடிவம் கண்டுபிடிப்பாராம்.

இதெல்லாம் கை வேலை. இதற்கு மேல் இன்னொரு அடுக்கு இருக்கிறது. ஒரு தொகுப்புக்கு எங்கிருந்து கருத்து எடுப்பது, யாருக்கு விற்பது, என்ன விலை வைப்பது, ஏன் இந்த ஆண்டு இந்த நிறம், உடையின் வரலாறு என்ன, பத்திரிகைக்கும் வாங்குகிறவருக்கும் எப்படி எடுத்துச் சொல்வது என்பவை. பல்கலைக்கழகம் அதிக நேரம் செலவிடுவது இந்த அடுக்கில். தொழிற்கல்வி நிலையங்கள் அதிக நேரம் செலவிடுவது இயந்திரத்தின் முன்னால். இரண்டிலும் இரண்டும் உண்டு, அளவுதான் மாறுகிறது.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. நான் ஊடகத் துறையில் பட்டம் பெற்றவள். அவதூறுச் சட்டம், ஆய்வு முறை, நேர்காணலுக்கு எப்படித் தயாராவது எல்லாம் பல்கலைக்கழகத்தில் கற்றேன். அவை இன்றும் கைகொடுக்கின்றன. ஆனால் பாடலின் முன்னிசை முடிந்து குரல் வருவதற்குள் பேச்சை முடிப்பது, நேரலையில் அழைப்பவர் அழுதால் என்ன செய்வது, கன்சோலில் எந்தப் பொத்தானைத் தெரியாமல்கூடத் தொடக்கூடாது என்பதெல்லாம் நிலையத்துக்கு வந்து, மூத்த ஒலிப்பதிவாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவை. அவரிடம் பட்டம் இல்லை. எனக்கு இரண்டும் தேவைப்பட்டது. எனக்கு முதலில் படிப்பும் பிறகு தொழிலும் வாய்த்தன, அவ்வளவுதான்.

நமக்குத் திறந்திருக்கும் கதவுகள்

மற்ற நாட்டுக் கட்டுரைகளில் இந்த இரண்டையும் தராசில் வைத்து, "உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது" என்று முடித்துவிடுவார்கள். மலேசியத் தமிழ்க் குடும்பத்துக்குத் தராசு அப்படிச் சமமாக நிற்காது. அதை மறைத்துப் பேசினால் பிள்ளைக்குத்தான் நட்டம்.

இந்த நாட்டில் ஃபேஷன் கல்விக்கு நீண்டகாலமாகப் பெயர்பெற்ற அரசுப் பல்கலைக்கழகம் யூ.ஐ.டி.எம். அதன் கலை, வடிவமைப்புக் கல்வி 1967-இலேயே தொடங்கியது. ஆனால் அது பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. கோலா தெர்லாவில் இருந்தாலும் கோலாலம்பூரில் இருந்தாலும் நம் பிள்ளைகள் அங்கே விண்ணப்பிக்க முடியாது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறைக்கான இடங்கள் மிகவும் சுருங்கிவிடுகின்றன. மலேசிய கிளந்தான் பல்கலைக்கழகம் பாச்சோக் வளாகத்தில் படைப்புத் தொழில்நுட்பத்தோடு சேர்த்துத் துணி வடிவமைப்பு கற்பிக்கிறது. கம்போங் ராஜாவிலிருந்து குவா மூசாங் சாலையில் போனால் கிளந்தான் ஒன்றும் வேறு நாடு இல்லை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "அவ்வளவு தூரமா?" என்றார் அம்மா. கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அனுப்பத் தயாராக இருந்தவர் அவர்தான்!

அரசுப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு எஸ்.பி.எம். முடிந்ததும் நேராகப் போகவும் முடியாது. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், டிப்ளோமா என்று இடையில் ஒரு படி வேண்டும். ஓவியம், வடிவமைப்புத் துறைகள் பலவற்றில் நேர்முகத் தேர்வும், வரைந்தவற்றின் தொகுப்பும் கேட்பார்கள். அந்த நேர்முகத்தில் நாளிதழ்த் தாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது தனியார் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள். நல்லவையும் உண்டு. மலேசியக் கலைக் கழகம் 1967 முதல் கலை கற்பித்து வருகிறது. லிம்கொக்விங் 1991-இல் தொடங்கியது. வசதி இருந்தால், அல்லது உபகாரச் சம்பளம் கிடைத்தால் தாராளமாகப் போகலாம். பி.டி.பி.டி.என். கடனும் கிடைக்கும், ஆனால் அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். இதைக் கல்லூரியின் விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எம்.கியூ.ஏ.வின் தகுதிப் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. படிப்பின் சரியான பெயரைத் தட்டினால் இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துவிடும். "அகாடமி" என்று பெயர் வைத்து, ஆறு மாதத்தில் டிசைனராக்குகிறோம் என்று சொல்லும் இடங்களுக்குப் போகுமுன் இந்த ஒரு வேலையையாவது செய்யுங்கள். நேயர் ஒருவரின் மகள் இப்படி ஒரு சான்றிதழ் வாங்கி வந்தாள். சுவரில் மாட்ட அழகாக இருந்தது. மேற்கொண்டு படிக்க எந்தக் கல்லூரியும் அதை ஏற்கவில்லை.

கடைசியாகத்தான் நம்மவர்கள் தொழிற்கல்வியைப் பார்க்கிறார்கள். நான் இதை முதலில் பார்க்கச் சொல்வேன்.

உயர்கல்வி அமைச்சின் கீழ் இருக்கும் சமூகக் கல்லூரிகள் பலவற்றில் ஃபேஷன், ஆடைத் தயாரிப்புச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. கட்டணம் ஒரு பருவத்துக்குச் சில நூறு வெள்ளிக்குள் அடங்கிவிடும். பேட்டர்ன் வரைவது, தொழிற்சாலை இயந்திரங்களில் தைப்பது, ஓவர்லாக், துணி வகைகள், பிறகு வெளியே தொழிற்பயிற்சி என்று போகும். முடித்தவர்கள் டிப்ளோமாவுக்கு மேலேறலாம். இன்னொரு பக்கம் மனிதவள அமைச்சின் எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். இது படிப்படியாக ஏறும் ஏணி. ஒன்று, இரண்டு, மூன்றாம் நிலைகள் எஸ்.கே.எம்., நான்காம் நிலை திறன் டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் திறன் டிப்ளோமா. இதற்குப் பி.டி.பி.டி.என். கிடையாது. ஆனால் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே. தனியாகக் கடன் தருகிறது. நம் பெற்றோர்களில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேருக்கு முதல் பெயர் தெரியும், இரண்டாவது தெரியாது. இந்த லாரிக்காரருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தொழிற்கல்லூரிகள், அதாவது கோலேஜ் வொக்கேஷனல், வேறு கணக்கு. பழைய தொழிற்கல்வி இடைநிலைப்பள்ளிகளைத் தரம் உயர்த்தி உருவாக்கியவை இவை. கோலாலம்பூர் செத்தாப்பாக்கிலும் ஜொகூர் பாருவிலும் இருக்கிற இ.ஆர்.டி. தொழிற்கல்லூரிகள் முன்பு வீட்டுப் பொருளியலுக்கென்றே இருந்தவை. ஃபேஷன் கற்கப் பலரும் தேடிப்போகும் இடங்கள். இங்கே கவனிக்க வேண்டியது வயது. இவற்றில் சேர்வது பெரும்பாலும் நான்காம் படிவத்தில். எஸ்.பி.எம். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு விசாரிக்கும்போது அந்த வண்டி போய் இரண்டு ஆண்டாகியிருக்கும். கையில் துணி கிடைத்தால் வெட்டிப் பார்க்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், மூன்றாம் படிவத்திலேயே பள்ளி ஆலோசக ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். விண்ணப்பத் தளங்களும் ஒன்றல்ல. பல்கலைக்கழகத்துக்கு யூ.பி.யூ., திறன் பயிற்சி நிலையங்களுக்கு வேறு. எது எந்தத் தேதியில் மூடுகிறது என்பதை அவர்தான் சரியாகச் சொல்வார்.

"அப்போ அவ்வளவுதானா?"

இதையெல்லாம் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. "அப்போ அவ்வளவுதானா அக்கா? நான் டெய்லராதான் ஆவேனா?" என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பதினெட்டு வருடமாக டெய்லராக இருந்து அவளை வளர்த்தவர் அவர்தானே. அவளுக்கும் அது உடனே உறைத்திருக்க வேண்டும், எழுந்துபோய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஒருவர் பினாங்குக்காரர். செருப்புத் தைக்கிறவரின் மகன், பதினோரு வயதில் முதல் காலணி செய்தவர். லண்டனுக்குப் போய் ஹேக்னியில் இருந்த கார்ட்வெய்னர்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து 1983-இல் வெளியே வந்தார். பெயரைக் கேட்டால் தொழிற்பள்ளி மாதிரி இருக்கும், இருந்ததும் அப்படித்தான். காலணி செய்யக் கற்றுத்தரும் இடம் அது. அவர் பெயர் ஜிம்மி சூ. பின்னாளில் இளவரசி டயானா அவருடைய வாடிக்கையாளர்.

மற்றவர் அலெக்சாண்டர் மெக்குவீன். லண்டன் டாக்சி ஓட்டுநரின் மகன். பதினாறு வயதில் பள்ளியை விட்டு, சாவில் ரோ தெருவில் ஆண்களுக்குக் கோட் தைக்கும் கடையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அங்கே சில ஆண்டு வெட்டவும் தைக்கவும் கற்ற பிறகு, சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரிக்குப் பேட்டர்ன் வெட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை கேட்டுப் போனார். அவர்கள் வேலை தரவில்லை, முதுகலை மாணவராகச் சேர்த்துக்கொண்டார்கள். 1992-இல் முடித்தார். 1996-இல் பாரிஸின் ஜிவான்ஷி நிறுவனம் அவரைத் தலைமை வடிவமைப்பாளராக அழைத்தது. முதலில் கத்தரிக்கோல், பிறகு பட்டம். கல்லூரிக்குள் போகும்போதே கையில் தொழில் இருந்தது.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொன்னேன். கிளந்தான் கோலா கிராயில் மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்த ஸாங் தோய் நியூயார்க்கின் பார்சன்ஸ் பள்ளியில் படித்துத்தான் பெயர் வாங்கினார். நம் பெர்னார்ட் சந்திரன் பாரிஸில் படித்தவர். நம் கல்யாணப் பெண்கள் அலைபேசியில் படம் காட்டி, "இதேமாதிரி தச்சுக் குடுங்க" என்று டெய்லரைப் படுத்துகிற லெஹெங்காவின் சொந்தக்காரர் சப்யசாச்சி முகர்ஜி, கொல்கத்தா நிஃப்ட்டில் 1999-இல் படித்து முடித்தவர். படிப்பு வீண் என்று யாரும் சொல்ல முடியாது. பணம் இருக்கிறவர்களுக்கும், நல்ல இடம் கிடைக்கிறவர்களுக்கும், நிறுவன நிர்வாகம், கொள்முதல், விரிவுரையாளர் வேலை ஆகியவற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் பட்டம் முதலில் வரலாம்.

கடனை நினைத்துப் பயப்படுகிற வீட்டுக்கு, ஏற்கெனவே கை ஓடுகிற பிள்ளைக்கு, என் வாக்கு தொழிற்கல்விக்கே. காரணம், இந்த நாட்டில் அந்த வாசலில் நுழைந்தவர்களுக்குப் பின்னால் பட்டத்துக்கான வாசல் மூடிவிடுவதில்லை. சான்றிதழிலிருந்து டிப்ளோமா, அங்கிருந்து பட்டம் என்று ஏறலாம். அதுவும் இல்லாமல் எம்.கியூ.ஏ.வின் ஏபெல் திட்டம் இருக்கிறது. வேலை அனுபவத்தைக் கல்வித் தகுதியாக மதிப்பிட்டு, டிப்ளோமாவுக்கு 20 வயதிலும் பட்டத்துக்கு 21 வயதிலும் நுழைய வழிசெய்கிறது. தேர்வும் எழுத வேண்டும், செய்த வேலைகளின் தொகுப்பும் கொடுக்க வேண்டும். தைத்த உடைகள், வெட்டிய பேட்டர்ன்கள், வாடிக்கையாளர் பில்கள் எல்லாம் அப்போது சாட்சியாகும். ஆகவே பெட்டியில் இருக்கும் எதையும் தூக்கிப் போடாதே, எல்லாவற்றுக்கும் தேதி எழுதி வை என்று அவளிடம் சொன்னேன்.

பட்டத்தைப் பட்டமாக மட்டும் பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஏன் வந்தது என்பது எனக்குப் புரிகிறது. தோட்டத்தில் கையால் வேலை செய்தவர்கள் கையால் செய்யும் வேலையிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றத்தான் படிக்க வைத்தார்கள். பேனா பிடிக்கிற வேலை என்றால் மழையில் நனைய வேண்டியதில்லை, அட்டை கடிக்காது. தையல் இயந்திரத்தைப் பார்க்கும்போது அந்த அப்பாவுக்கு நினைவுக்கு வருவது கொழுந்துக் கூடைதான். அவரிடம் 'கிரேடிங்' பற்றிப் பேசி என்ன பயன் என்று, நான் விலையைப் பற்றிப் பேசினேன். சாதாரண ஜாக்கெட்டுக்கு அம்மா வாங்குவது 35 வெள்ளி. அதே ஜாக்கெட்டில் ஆரி வேலைப்பாடு ஏறினால் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பல நூறு வெள்ளி. தோன்புப் பெருநாளுக்கு முன் பாஜு கூரோங் தைக்க ஆள் கிடைக்காமல் ஓர்டர் மூடிவிடுகிற கடைகள் எத்தனை! பத்து பஹாட் வட்டாரத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. தொலைக்காட்சியில், மேடை நாடகத்தில் உடை அலங்காரப் பிரிவு இருக்கிறது. எங்கள் நிலைய நிகழ்ச்சிகளுக்கே உடை தேடி நாங்கள் அலைகிற அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கட்டணத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பி.டி.பி.கே. என்று எழுதித் தரச் சொன்னார்.

எந்தக் கல்லூரியானாலும் சேர்வதற்கு முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள் என்று ஈப்போத் தோழி சொன்னதையும் அவர்களிடம் சொன்னேன். வரவேற்பறையில் உட்கார வேண்டாம், தையற்கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர், எத்தனை இயந்திரம்? மாணவர்கள் தைத்து மாட்டியிருக்கும் உடையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், நூல் தொங்குகிறதா, ஓரம் மடித்துத் தைத்திருக்கிறதா? முதல் ஆண்டில் எத்தனை உடை முழுதாகத் தைப்பார்கள்? தொழிற்பயிற்சிக்கு இடத்தைக் கல்லூரி பிடித்துத் தருமா, மாணவரே அலைய வேண்டுமா? சென்ற ஆண்டு முடித்தவர்களில் இரண்டு பேருடன் பேச முடியுமா? கடைசிக் கேள்விக்குத் தயங்குகிற இடத்தைப் பற்றி இரண்டு முறை யோசிக்கலாம்.

மாதங்கள் கழித்து அம்மாவிடமிருந்து குரல்பதிவு வந்தது. மகள் ஒரு சமூகக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். விடுதியில் குளிர் இல்லாமல் தூக்கம் வரவில்லையாம். தொழிற்சாலை இயந்திரம் மிதித்ததும் பறக்கிறதாம், முதல் வாரம் விரலில் ஊசி ஏற்றிக்கொண்டாளாம். பட்ட ஆசை போகவில்லை, டிப்ளோமா முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்கிறாள். இதைச் சொல்லிவிட்டு அம்மா என்னிடம் வேறொன்று கேட்டார். தீபாவளிக்கு இதுவரை பதினான்கு ஜாக்கெட் ஓர்டர் எடுத்திருக்கிறாராம், அந்த வாரம் கல்லூரிக்கு விடுமுறை உண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?